தண்பொருநைக் கரையும் ‘யார் இவர்’ என்னும் வினாவும்



கடல் கடந்து வந்து அடைக்கலம் கேட்பவரை ஓர் அரசு எவ்வாறு வினவுகிறது, எவ்வாறு வகைப்படுத்துகிறது, எங்கே குடியமர்த்துகிறது என்பதே இவ்வுரையின் பொருள். இலக்கிய மன்றத்தில் அரசுக் கொள்கைக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வினாக்கள் யாவும் சொற்களால் கேட்கப்படுகின்றன. விடைகளும் சொற்களாலேயே அமைகின்றன. அகதி, தாயகம் திரும்பியோர், ஏதிலி, கள்ளத்தோணி, சட்டவிரோதக் குடியேறி என ஒரே மனிதன்மேல் அடுத்தடுத்து ஏற்றப்பட்ட பெயர்கள் பல. சொல்லை ஆராய்வதே தொழிலாகக் கொண்டோர் இவற்றை ஆராயாமல் விடுவது முறையன்று.

அடைக்கலம் கேட்பவர் முன் ‘யார் இவர்’ என்னும் வினா எழுவது பழந்தமிழ்ப் பாட்டிலேயே பதிவாகியுள்ளது. பறம்பு வீழ்ந்தபின் பாரிமகளிரை உடனழைத்துக்கொண்டு கபிலர் வாயில்தோறும் சென்ற வரலாற்றைப் புறநானூற்றின் 200, 201, 202 ஆம் பாடல்கள் காட்டுகின்றன. விச்சிக்கோனிடம் கேட்டார், பின்னர் இருங்கோவேளிடம் கேட்டார். இருங்கோவேள்முன் நிற்கும் கபிலர், அவன் வாய் திறப்பதற்கு முன்பே, இம்மகளிர் யாவர் என்று அவன் வினவக்கூடும் என எதிர்பார்த்து விடை தருகிறார். இவர்கள் இன்னானுடைய மக்கள், அவன் இன்ன கொடை செய்தான், அழைத்து வந்த யான் அவனுக்கு இன்ன உறவினன் என்று மூன்று சான்றுகளை அடுக்குகிறார். இன்றைய விண்ணப்பப் படிவத்தின் மூன்று கட்டங்களும் இவையே: பிறப்பு, வந்த காரணம், பொறுப்பேற்பவர். கபிலர் நின்ற இடம் அகதியின் இடம் அன்று. அகதிக்காகப் பேசுவோனின் இடம். அவர் மொழியில் குறையில்லை, சான்றிலும் குறையில்லை. ஆயினும் அவன் ஏற்கவில்லை. ஏன் ஏற்கவில்லை என்பதற்கு அவன் தரப்பிலிருந்து ஒரு சொல்லும் பாட்டில் இல்லை. காரணம் கூறாமல் மறுப்பது அன்றும் ஆள்வோரின் உரிமையாக இருந்தது போலும். மறுக்கப்பட்ட புலவர் செய்ய இயன்றதெல்லாம், கழாத்தலையாரை இகழ்ந்ததனால் அரையத்துக்கு நேர்ந்த அழிவை நினைவூட்டி வெளியேறியது ஒன்றே.

இனி நெல்லைச் சீமைக்கு வருவோம். பொருநைக்கும் இலங்கைக்கும் உள்ள உறவு பெயரிலேயே தொடங்குகிறது. அசோகனின் கல்வெட்டுகளும் மகாவம்சமும் இலங்கையைத் தம்பபண்ணி என்கின்றன. இவ்வாற்றின் பெயர் அதற்குச் சென்றதா, அதன் பெயர் இதற்கு வந்ததா என்பது அறிஞர்கள் இன்னும் வழக்காடும் செய்தி. அதனை அவர்களிடமே விட்டுவிடலாம். வழக்கிற்கு இடமில்லாத உறவு ஒன்று உண்டு. அது கூலிகளின் உறவு. 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் சென்ற மக்களில் ஒரு பகுதியினர் இம்மாவட்டத்து மக்கள். கங்காணி முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தான். அக்கடன் எழுதப்பட்ட தாளுக்குத் ‘துண்டு’ என்று பெயர். தோட்டம் மாறுவோன் தன் கடனைத் துண்டோடு சுமந்துகொண்டு மாறினான். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பலேறுமுன் இம்மக்கள் தட்டப்பாறையில் நிறுத்தப்பட்டனர். மணியாச்சிக்கும் தூத்துக்குடிக்கும் இடையே தொடர்வண்டியில் செல்வோர் தட்டப்பாறை என்னும் சிறு நிலையத்தைக் கண்டிருப்பர். அக்காலத்தில் அது திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். காலராவும் கொள்ளைநோயும் தோட்டங்களுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகக் கூலிகளை அங்கே தங்கவைத்து, உடல் சோதித்து, கணக்கெடுத்து அனுப்பினர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சேரவேண்டிய தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லை ஒவ்வொருவர் கழுத்திலும் தொங்கியது. சொந்தப் பெயரைச் சொல்லத் தெரியாதவனும் சொல்ல அஞ்சியவனும் அந்த எண்ணாலேயே உரிய தோட்டத்தில் ஒப்படைக்கப்பட்டனர். வ.உ.சிதம்பரனார் 1906இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் ஓடிய அதே கடல்வழி இது. கப்பல் முதலாளிகளின் போட்டியை நாம் நன்கு அறிவோம். தகர வில்லையோடு அவ்வழியே சென்றோரைப் பற்றி நம் பாடநூல்கள் பேசுவதில்லை. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறந்தபின், இச்சோதனைப் பணி இராமேசுவரத் தீவுக்கு எதிரே மண்டபத்தில் அமைந்த முகாமுக்கு மாறியது. அம்மண்டபம் முகாமே பின்னாளில் ஈழ அகதிகளைப் பதிவு செய்யும் முகாமாயிற்று. போகிறவர்களைச் சோதிப்பதற்காகக் கட்டிய கட்டடத்தில் வருகிறவர்களைச் சோதித்தனர். அரசுகள் கட்டடங்களை வீணாக்குவதில்லை.

இப்போக்கினைத் தமிழ்ப் புனைகதைக்குள் கொண்டுவந்தவர் நெல்லையின் எழுத்தாளரே. புதுமைப்பித்தன் 1935இல் மணிக்கொடியில் எழுதிய ‘துன்பக்கேணி’யில் வாசவன்பட்டி மருதி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் செல்கிறாள். அக்கதையின் சிறப்பைப் பலரும் பேசியுள்ளனர். ஒரு செய்தியை மட்டும் ஈண்டுச் சுட்டுதல் தகும். மருதியைப் போன்றோரின் பேரர்களும் பேத்திகளுமே 1948க்குப் பின்னர் இலங்கையில் நாடற்றவராயினர். அவ்வாண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தந்தையோ, பாட்டனும் அவர் தந்தையுமோ அம்மண்ணில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தகர வில்லையில் தோட்டத்தின் எண் இருந்ததேயன்றிப் பிறந்த ஊர் இல்லை.

அதன்பின் நிகழ்ந்தது எண்ணிக்கைப் பங்கீடு. 1964 அக்டோபர் 30ஆம் நாள் இலால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, நாடற்றவர் 9,75,000 பேர் என்று கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் செய்த மற்றோர் உடன்படிக்கை சரிபாதியாக்கியது. நெல் அளக்கும் மரக்காலுக்குக்கூட இதைவிட அதிக நிதானம் உண்டு. இன்னார் எந்தக் கூறில் அடங்குவர் என்பதை விண்ணப்பம் தீர்மானித்தது. விண்ணப்பிக்க அஞ்சியவரும், விண்ணப்பத்தின் பொருள் விளங்காதவரும் இருந்தனர். அண்ணன் இந்தியக் கூறிலும் தம்பி இலங்கைக் கூறிலும் அமைந்த குடும்பங்களைப் பற்றி மலையக எழுத்தாளர்கள் விரிவாகவே எழுதியுள்ளனர்.

அவ்வாறு வந்தோருக்கு இந்திய அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. மூன்று தலைமுறையாகக் காணாத மண்ணுக்கு வருபவன் ‘திரும்புகிறான்’ என்று சொல்வது இலக்கணப்படி பொருந்துமா என்பதைத் தமிழாசிரியர்கள் சிந்திக்கலாம். ஆயினும் அப்பெயரில் ஒரு நன்மை இருந்தது. அவர்கள் குடியுரிமையோடு வந்தனர். நீலகிரியில் 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள், குமரி மாவட்டத்து இரப்பர்த் தோட்டங்கள், கூட்டுறவு நூற்பாலைகள், தொழிற்கடன், 1969இல் தோன்றிய ரெப்கோ வங்கி என மறுவாழ்வுத் திட்டங்கள் பல வந்தன. கடன் பெற்றுக் கடை வைத்து நொடித்தவர் பலர். தோட்டத் தொழில் ஒன்றே தெரிந்தவனிடம் வணிகம் செய்யச் சொன்னால் வேறென்ன விளையும்? திட்டங்களின் குறை எவ்வாறாயினும், அம்மக்கள் வாக்களித்தனர், நிலம் வாங்கினர், அவர்தம் மக்கள் அரசுப் பணிக்கும் சென்றனர். இதனை நினைவிற் கொண்டு அடுத்த பகுதிக்குச் செல்லவேண்டும்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் வந்தோரின் நிலை வேறு. 1983 ஜூலை முதல் 2012 ஆகஸ்டு வரை இந்தியாவுக்கு வந்த இலங்கை அகதிகள் 3,04,269 பேர் என்பது நடுவண் உள்துறை அமைச்சகத்தின் கணக்கு. 1983இலும், இரண்டாம் ஈழப்போர் மூண்ட 1990இலும், 1996க்குப் பின்னும், 2006க்குப் பின்னும் என நான்கு அலைகளாக இவ்வருகை நிகழ்ந்தது. இவர்களை இந்தியா தனித்தனியே சோதித்து, இன்னார் அகதி, இன்னார் அல்லர் என்று தீர்ப்பளிக்கவில்லை. படகில் வந்த இலங்கைத் தமிழர் அனைவரையும் ஒரு தொகுதியாகவே ஏற்றது. மண்டபத்தில் பெயர் பதிந்து, காவல்துறையின் கியூ பிரிவு வினவி, ஐயத்துக்குரியோர் எனக் கருதியோரைச் சிறப்பு முகாம்களில் வைத்து, ஏனையோரை மாநிலம் முழுவதும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களுக்குப் பிரித்து அனுப்பியது. அவ்வாறு நெல்லைக்கு வந்தோர் கோபாலசமுத்திரத்திலும், பாளையங்கோட்டையை அடுத்த பெருமாள்புரத்திலும், நாங்குநேரிக்குத் தெற்கே சமூகரெங்கபுரத்திலும் அமர்த்தப்பட்டனர். ஒரு குடும்பத்திற்குப் பத்துக்குப் பத்து அடி அறை, மாதந்தோறும் உதவித்தொகை, மாதந்தோறும் தலைக்கணக்கு. கணக்கெடுக்கும் நாளில் ஆள் இல்லையெனில் பெயர் நீங்கும் என்னும் அச்சம் அம்மக்களின் நாட்காட்டியையே வகுத்தது. திருமணமும் துக்கமும்கூட அந்நாளை ஒதுக்கியே நடைபெற வேண்டியிருந்தது.

தொகுதியாக ஏற்றது பெருந்தன்மையே, அதில் ஐயமில்லை. இப்பெருந்தன்மையின் தன்மையை அறிய வியட்நாம் நாட்டவர் பட்ட பாட்டினை ஒப்புநோக்குதல் நன்று. 1975 ஏப்ரலில் சைகோன் வீழ்ந்தபின் படகுகளில் வெளியேறியோரை, 1979இல் ஜெனிவாவில் எட்டிய இணக்கத்தின்படி, தென்கிழக்காசிய நாடுகள் தற்காலிகமாக ஏற்றன. மேலை நாடுகள் அவர்களை அங்கிருந்து அழைத்துக்கொண்டன. படகில் வந்தவன் அகதியே என்று கொள்ளப்பட்டான். பத்தாண்டில் கொடுத்த கை சலித்தது. ஆங்காங் 1988 ஜூன் 16ஐ எல்லை நாளாக அறிவித்தது. ஏனைய நாடுகளில் பெரும்பாலானவை 1989 மார்ச் 14ஐ எல்லை நாளாகக் கொண்டன. அந்நாளுக்கு முன் வந்தவன் அகதி. மறுநாள் வந்தவன் தன்னை அகதி என்று மெய்ப்பிக்க வேண்டியவன். 1989 ஜூனில் ஜெனிவாவில் ஏற்கப்பட்ட முழுமையான செயல்திட்டம் இதனை நெறியாக்கியது. நேர்காணல், மொழிபெயர்ப்பாளர், அதிகாரியின் குறிப்பு, மேல்முறையீடு, இறுதி முடிவு என்று அது சென்றது. நெல்லைப் பெண்கள் சுளகில் புடைப்பதைப் போல என்று சொல்லத் தோன்றும்; சுளகில் புடைக்கும் பெண்ணுக்கு மணி எது, பதர் எது என்பது தெரியும். இங்கே பல நேரங்களில் மொழிபெயர்ப்பாளன் விட்ட ஒரு சொல் ஒரு குடும்பத்தைப் பதராக்கியது. சில நாடுகளில் கையூட்டுப் பற்றிய முறையீடுகளும் எழுந்தன. 1989 டிசம்பரில் ஆங்காங் 51 பேரை விடியற்காலையில் வலிந்து விமானத்திலேற்றித் திருப்பி அனுப்பியபோது உலகம் கண்டித்தது. 1996இல் திட்டம் முடிவதற்குள் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வியட்நாமுக்குத் திரும்பியிருந்தனர்.

அம்முறையில் கொடுமை இருந்தது. ஆனால் விதியும் இருந்தது. மறுக்கப்பட்டவன் எதை எதிர்த்து வாதிடுவது என்பதை அறிந்திருந்தான். ஏற்கப்பட்டவனுக்கு ஒரு நாடு கிடைத்தது. சில ஆண்டுகளில் குடியுரிமையும் கிடைத்தது. இந்தியாவிலோ 1951ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்திலும் கையொப்பமில்லை. 1967ஆம் ஆண்டின் நெறிமுறையிலும் கையொப்பமில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. எனவே எவரும் சலித்து நீக்கப்படவில்லை. எவரும் முழுமையாக ஏற்கப்படவும் இல்லை. அரசு ஆணையால் வந்த உரிமை அரசு ஆணையால் சென்றது. 1991இல் இராசீவ் காந்தி கொலையுண்டபின், எக்குற்றமும் அறியாத மாணவர்களுக்கு உயர்கல்வியில் இருந்த இடங்கள் நிறுத்தப்பட்டமை இதற்குப் போதிய சான்று. பின்னாளில் அவை படிப்படியாகத் திரும்பின என்றாலும், இடையில் பள்ளி இறுதியை முடித்தவர்களுக்கு அந்த ஆண்டுகள் திரும்பவில்லை.

திருப்பி அனுப்பும் கட்டம் 1992 ஜனவரியில் தொடங்கியது. தமிழாய்வாளர் இக்கட்டத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். அரசு வலிந்து அனுப்பவில்லை என்றது. விரும்பியோரே செல்கின்றனர் என்றது. விருப்பத்திற்குச் சான்றாகக் கையொப்பமிட்ட படிவங்கள் காட்டப்பட்டன. அப்படிவங்கள் ஆங்கிலத்தில் இருந்தன என்பது அன்று எழுந்த கடுமையான குற்றச்சாட்டு. யாழ்ப்பாணத்து மீனவனும் மன்னாரின் உழவனும் தமிழ்நாட்டு முகாமில், தமிழ் அதிகாரி முன்னிலையில், தமக்குத் தெரியாத மொழியில் தம் விருப்பத்தைத் தெரிவித்தனராம்! இசைவு என்பது சொல்லைச் சார்ந்தது. சொல் விளங்காதபோது கையொப்பம் கைந்நாட்டினும் தாழ்ந்தது. பழ.நெடுமாறனும் மருத்துவர் ச.இராமதாசும் சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகினர். அனுப்புதல் சிறிதுகாலம் நின்றது. அவ்வாண்டிலேயே ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையர் அலுவலகம் சென்னையில் இடம்பெற்று, செல்வோரின் விருப்பம் மெய்யானதா என்று வினவத் தொடங்கியது. நடுநிலையான அவ்வலுவலகம் வினவுகின்ற நிலையில் அதனைத் தான் ஆராய வேண்டுவதில்லை என்று நீதிமன்றம் கருதியது.

அவ்வலுவலகத்தார் முகாம்களுக்குள் செல்ல இசைவு பெற்றிருக்கவில்லை. புறப்படுவோர் தங்கும் இடைத்தங்கல் முகாம்களிலேயே வினவினர். அறையைக் காலிசெய்து, மூட்டை கட்டி, பேருந்தில் வந்து இறங்கியவனை நோக்கி ‘நீ மனம் விரும்பித்தான் செல்கிறாயா’ என்று கேட்டால், அவன் என்ன சொல்வான்? திரும்பிச் செல்ல அவனுக்கு அறை உண்டா, உதவித்தொகை தொடருமா என்பதற்கெல்லாம் விடை இருந்தாலன்றி அவ்வினா வினாவாகாது. இத்தனை குறைக்கும் நடுவே, இல்லை என்று சொல்லித் திரும்பியோரும் உண்டு என்பதனால், வினவியதே ஒரு காப்பாக இருந்தது என்பதையும் மறுத்தற்கில்லை. 1995 மார்ச்சு வரை இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்டோர் 99,469 பேர் என்று உள்துறை கணக்குக் காட்டுகிறது. அதன்பின் அரசு முன்னின்று அனுப்பும் பணி நடைபெறவில்லை.

முகாமில் எஞ்சியோருள் ஒரு பெரும்பகுதியினர் மலையகத் தமிழர். 1964இல் இலங்கைக் கூறில் எண்ணப்பட்டவரும், எக்கூறிலும் சேராதவரும், 1977இலும் பின்னரும் கலவரத்துக்கு அஞ்சித் தோட்டங்களிலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, அங்கிருந்து போரால் மீண்டும் பெயர்ந்து கடலைக் கடந்தவர்கள். இவர்களின் பாட்டன் ஊர் நெல்லையாகவோ இராமநாதபுரமாகவோ இருக்கலாம். விமானத்திலோ, உடன்படிக்கைக் கப்பலிலோ வந்திருந்தால் ‘தாயகம் திரும்பியோர்’. படகில் வந்தமையால் ‘அகதி’. இலங்கையில் இம்மக்களை இழித்துரைக்க வழங்கிய சொல் ‘கள்ளத்தோணி’. இந்தியக் குடியுரிமைச் சட்டத்தில் 2003இல் செய்த திருத்தம், உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்தவரைச் ‘சட்டவிரோதக் குடியேறி’ என்று வரையறுத்து, அவர் பதிவு வழியாகவோ இயல்புரிமை வழியாகவோ குடியுரிமை பெறுவதைத் தடுத்தது. கள்ளத்தோணி என்பதன் நேர்மொழிபெயர்ப்பாகவே இது ஒலிக்கிறது. வசைச்சொல் ஒன்று கடலைக் கடந்து வந்து சட்டச்சொல்லாயிற்று. பாத்தி மாறி நட்ட பயிரின்மேல் இரு வயலுக்காரரும் ஒரே பெயரை எழுதி ஒட்டினாற்போன்ற இந்நிலை, கவிஞர்களின் கண்ணில் இன்னும் படாதது வியப்பே.

பிறப்பின் வழி? அங்கும் நாட்கணக்கே ஆள்கிறது. 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். அந்நாள் முதல் பிறந்தவருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் இந்தியராதல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு, ஒருவர் இந்தியராயினும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தல் கூடாது. ஆகவே ஒரே அறையில், 1986இல் பிறந்த மூத்தவள் இந்தியக் குடிமகளாகவும், 1988இல் பிறந்த இளையவன் அகதியாகவும் இருத்தல் இயலும். மூத்தவள் தன் உரிமையை அறிந்திருந்தால்தான் அதுவும். முகாமில் பிறந்த குழந்தையின் பெயர் அகதிப் பதிவேட்டில் ஏறிவிட்டால், அப்பதிவேடே அவளது பிறப்புரிமையை மறைக்கும் திரையாகிவிடுகிறது.

2019இல் மூன்று அண்டை நாடுகளின் சிறுபான்மையினருக்கென வந்த குடியுரிமைத் திருத்தத்தில் இலங்கை இடம்பெறவில்லை. அதே ஆண்டு ஜூனில், மலையக மரபினரான முகாம்வாசிகள் சிலர் தொடுத்த வழக்கில், மதுரையில் அமர்ந்த உயர்நீதிமன்ற நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், அவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்றும் நடுவணரசு அதனை ஆராய்ந்து முடிவு செய்யவேண்டும் என்றும் ஆணையிட்டார். பாட்டன் இந்த மண்ணினன் என்பது சட்டத்தின் செவியில் ஏறிய அரிய தருணம் அது. 2025 மேயில் மற்றோர் ஈழத்தமிழரின் வழக்கில், உலகத்து அகதிகளையெல்லாம் ஏற்க இந்தியா சத்திரம் அன்று என்னும் கருத்து உச்ச நீதிமன்றத்தில் வாய்மொழியாக வெளிப்பட்டது. சத்திரம் என்னும் சொல்லை இழிவுப் பொருளில் கேட்கும் காலம் வரும் என்று வழிப்போக்கருக்குச் சோறிட அறக்கட்டளை எழுதிவைத்த நம் முன்னோர் நினைத்திருக்க மாட்டார்கள்.

2025 செப்டம்பரில் 1946ஆம் ஆண்டின் அயல்நாட்டவர் சட்டத்திற்கு மாற்றாகப் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனையொட்டிய விலக்கு ஆணை, 2015 ஜனவரி 9ஆம் நாள் வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா தொடர்பான விதிகளிலிருந்து விலக்கியது. முப்பதாண்டுக்கு மேலாகச் ‘சட்டவிரோதம்’ என்னும் நிழலில் வாழ்ந்தோர்க்கு இது மெய்யான ஆறுதல். ஆனால் இங்கேயும் ஒரு மார்ச் 14 வந்துவிட்டது. இலங்கையின் பொருளாதாரம் சரிந்த 2022 மார்ச்சில், பால்மாவும் மண்ணெண்ணெயும் கிடைக்காமல் கைக்குழந்தைகளோடு தனுஷ்கோடியின் மணல் திட்டுகளில் இறங்கியோர் இந்நாளுக்கு அப்பால் நிற்கின்றனர். அவர்கள் வந்து சேர்ந்ததும் அதே மண்டபம் முகாமுக்கே. பசிக்கு அஞ்சி வந்தவன் அகதியா, படைக்கு அஞ்சி வந்தவன் மட்டுமே அகதியா என்று ஆங்காங்கின் நேர்காணல் அறைகளில் கேட்கப்பட்ட வினா இப்போது நம் கரையில் கேட்கப்படுகிறது. பசி, படை என்னும் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிய மரபு நம்முடையது என்பதனை இம்மன்றத்துக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

தமிழக அரசு செய்தவற்றையும் சொல்லுதல் நடுநிலை. 2021 ஆகஸ்டில் அறிவித்த 317.40 கோடி ரூபாய்த் திட்டத்தின்கீழ், பழுதுற்ற 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித்தர முற்பட்டது; குடும்பத் தலைவருக்கான மாத உதவித்தொகை 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது; முகாம்களின் பெயர் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என மாறியது. அகதி என்னும் சொல் பெயர்ப்பலகையிலிருந்து நீங்கியது. கதியற்றவர் என்னும் வடசொற்பொருள் கேட்கும்போதெல்லாம் குத்துவது என்பதனால் இதனை வரவேற்றோர் பலர். ஆயினும் அகதி என்னும் சொல்லுக்கு உலகச் சட்டத்தில் ஓர் உரிமைப் பொருள் உண்டு. ‘மறுவாழ்வு’ என்பதற்கு அது இல்லை. காயம் தரும் சொல்லை நீக்கும்போது காப்புத் தரும் சொல்லும் உடன் போய்விடுகிறதா என்பது எண்ணத்தக்கது. ஈழத்தவர் தாமே ஆளும் ‘ஏதிலி’ என்னும் சொல் இவ்விரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அரசுக் கோப்பு அதனை ஏற்கவில்லை. பட்டினப்பாலை வழங்கிய ‘புலம்பெயர்’ என்னும் வழக்கோ, இப்போது டொரன்டோவிலும் பாரிசிலும் வாழ்வோர்க்கே உரியதாகிவிட்டது. கோபாலசமுத்திரத்தில் வாழ்பவனை எவரும் புலம்பெயர்ந்தோன் என்று அழைப்பதில்லை. புலம்பெயர் இலக்கியம் என்று நாம் நடத்தும் தாளில் அவனுக்கு ஒரு வினாக்கூட இல்லை.

இது இலக்கிய உலகின் குறை. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுப்பு தமிழகக் கவிஞர்களின் மொழியையே அசைத்தது. அதனைப் படித்துக் கண்ணீர் மல்கக் கவிதை எழுதியோர் நெல்லையிலும் உண்டு. அக்கவிதைகளில் கடல் வரும், பனை வரும், குருதி வரும். பெருமாள்புரம் வராது. பாளையங்கோட்டை நகரப் பேருந்தில் சென்று சேரக்கூடிய துயரம் கவிதைக்கு உரிய தொலைவில் இல்லை போலும்! முகாம் வாழ்வை உள்ளிருந்து எழுதியவர் முகாமிலிருந்தே வரவேண்டியதாயிற்று. தொ.பத்திநாதனின் ‘போரின் மறுபக்கம்’ 2007இல் வந்தபோதுதான், வரிசையும் தலைக்கணக்கும் அதிகாரியின் விளியும் தமிழ் உரைநடைக்குள் வந்தன. 2014இல் புதுச்சேரியிலிருந்து ஆஸ்திரேலியா நோக்கிப் படகேறிய 157 தமிழர் அந்நாட்டுக் கப்பலில் ஏறத்தாழ ஒரு திங்கள் நடுக்கடலில் நிறுத்திவைக்கப்பட்டனர். உயிரைப் பணயம் வைத்துத் தமிழ்நாட்டிலிருந்தே தமிழர் ஏன் வெளியேறுகின்றனர் என்பதற்கு அந்நூலின் பக்கங்களில் விடை உண்டு.

செய்தற்குரிய பணி ஒன்று உடனடியாக உள்ளது. 1990இல் முப்பது வயதில் வந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டனர். மண்டபத்தில் தம்மிடம் என்ன கேட்கப்பட்டது, எம்மொழியில் கேட்கப்பட்டது, என்ன விடை சொன்னார்கள், எழுதியவர் என்ன எழுதினார், 1992இல் படிவம் நீட்டப்பட்டபோது இட்டவர் யார், மறுத்தவர் யார் என்பன அவர்கள் நினைவில் மட்டுமே உள்ளன. அரசுப் பதிவேட்டில் விடை இருக்கும். வினவிய குரல் இராது. இம்மூன்று முகாம்களுக்கும் உறுப்பினர் சிலர் விடுமுறை நாட்களில் சென்று, அம்முதியோர் சொல்வதை அவர்தம் வழக்குமொழியிலேயே, திருத்தாமல் எழுதிக்கொண்டு வரலாம். 1987 ஜூலைக்கு முன் இங்கே பிறந்தவர் எவரேனும் இருப்பின், மருத்துவமனைச் சான்றையோ பள்ளிச் சான்றையோ தேடித்தரவும், விண்ணப்பத்தைத் தமிழில் விளக்கவும் வட்டத்திலுள்ள ஆசிரியர்களால் இயலும். தலைக்கணக்கு எடுக்கும் நாளைத் தவிர்த்துப் பிற நாளில் செல்வது நல்லது. அன்று எவருக்கும் பேச நேரமிராது.